லிஃப்ட்காரர் பதில்கள்: ஜோகன்னஸ்பர்க்கில் எங்கே போய்ச் சாப்பிடுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் லிஃப்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாப்பாடு. ஜோகன்னஸ்பர்க்கில் லிஃப்ட் பழுதுபார்த்த 14 வருஷத்தில் மதியத்துக்கு டப்பா கட்டிக்கொண்டு போனதே இல்லை என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள்.

கேள்வி: கணவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 5 நாள் மாநாடு. நானும் போகிறேன். நகரின் சாண்டன் பகுதியில் தங்குகிறோம். சுற்றுவட்டாரத்தில் என்ன கிடைக்கும் என்று பார்த்தால் பீட்சா, சூஷி, பர்கர் என்றே வருகிறது. ஆப்பிரிக்காவுக்குப் போயும் ஆப்பிரிக்கச் சாப்பாடு கிடைக்காதா? – வாசகி, சேலம்

பதில்: கிடைக்கும். ஆனால் "ஆப்பிரிக்கச் சாப்பாடு" என்று கேட்டுப் போனால் கிடைக்காது. அப்படிப் பலகை மாட்டிய கடைகளும் உண்டுதான். உள்ளே நுழைந்ததும் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைப்பார்கள், பின்னால் ஒருவர் முரசு அடிப்பார், தட்டில் முதலைக்கறியும் தீக்கோழிக்கறியும் வரும். எங்கள் கம்பெனி வருஷாந்திர விருந்துக்கு ஒருமுறை அப்படி ஓரிடத்துக்கு அழைத்துப் போனார்கள். என் பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த, சோத்தோ இனத்தைச் சேர்ந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அவரை "ந்தாதே" என்றுதான் கூப்பிடுவேன். நாம் ஐயா என்போமே, அந்த மாதிரி. அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். "இதிலுள்ள பாதி மிருகத்தை நான் மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோழி வாங்கிக்கொண்டார்.

ஏன் இப்படி என்று அவர்தான் மறுநாள் வண்டியில் போகும்போது சொன்னார். 1886-இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. சுரங்கத்தில் இறங்க லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி என்று நாலாபக்கமிருந்தும் ஆண்கள் வந்தார்கள். உழைக்கலாம், ஊர் நடுவில் குடியிருக்கவோ கடை போடவோ கூடாது. இனத்துக்கொரு குடியிருப்பு என்று பிரித்து 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் அதை இன்னும் இறுக்கிக் கட்டியது. மேசை நாற்காலி போட்டு உணவகம் நடத்துவது வெள்ளையர் பாடு. கறுப்பினப் பெண் ஒருத்தி சமைத்து விற்க வேண்டுமானால் தொழிற்சாலை வாசலில் தள்ளுவண்டி, இல்லாவிட்டால் சொந்த வீட்டுக் கொல்லை. "காப்பி வண்டி" என்று பெயர் பெற்ற அந்தத் தள்ளுவண்டிகளையும் நகராட்சி துரத்தித் துரத்தியே ஒழித்தது. கறுப்பின மக்கள் கடையில் ஐரோப்பிய மது வாங்க 1962 வரை தடை. அதனால் பெண்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்ற "ஷெபீன்"கள் பெருகின. குடிக்க வந்தவன் வெறும் வயிற்றோடு போவானா? அங்கேயும் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது.

ஆக, அந்த ஊர்ச் சமையல் உணவகத்தின் படி ஏறாமலே வளர்ந்தது. இன்றும் நல்ல சாப்பாடு கொல்லையில், கசாப்புக்கடை ஓரத்தில், டாக்ஸி நிலையத்தில் இருக்கிறது. டாக்ஸி என்றால் அங்கே பதினைந்து பேர் நெருங்கி உட்காரும் வேன். அவை கூடும் இடம் "ரேங்க்". நகர மத்தியில் மெட்ரோ மால், நூர்ட் தெரு என்று பெரிய ரேங்க்குகள் உண்டு. அங்கே ஓட்டுநர்களுக்கென்று பெண்கள் காலை நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். துணிக்கூடாரம், காஸ் அடுப்பு, வரிசையாக அலுமினியப் பானைகள். பலகையும் இல்லை, பட்டியலும் இல்லை. மூடியைத் திறந்து காட்டுவார்கள், கையை நீட்டிச் சொல்ல வேண்டியதுதான்.

முதல் பானையில் பப். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி. அடுத்ததில் மாட்டிறைச்சியோ கோழியோ குழம்பாக. பிறகு "மொஹோடு", அதாவது குடல். கழுவ ஒரு மணி நேரம், வேகப் பல மணி நேரம் என்று பொறுமையைச் சோதிக்கும் பண்டம் அது. அவசரப்பட்டவர் வீட்டு மொஹோடு நாறும். நல்லவர் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அது திங்கட்கிழமைச் சாப்பாடு என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது, "மொஹோடு மண்டே" என்று பெயர்கூட உண்டு. "மொரோஹோ" என்பது கீரை. முளைக்கீரை இனமும் தட்டைப்பயற்று இலையும் அதில் அடக்கம். கோசா மக்களின் "உம்ங்குஷோ" உடைத்த மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது. அந்தப் பெயருக்கு நடுவில் நாக்கால் ஒரு "டொக்" வரவேண்டும். எனக்கு 14 வருஷத்தில் வரவில்லை. நெல்சன் மண்டேலாவுக்கு மிகவும் பிடித்த உணவு அது என்பார்கள். "உம்லெக்வா" கிடைத்தால் விடாதீர்கள். "துரத்திப் பிடித்தது" என்கிற பொருள், நாட்டுக்கோழி. பல் கெட்டியாக இருக்க வேண்டும்.

நான் கடைசியாகச் சாப்பிட்டபோது ஒரு தட்டு 60 ராண்ட். ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சமைக்கும் அம்மாவை அங்கே "மாமா" என்று கூப்பிட வேண்டும். அவர்கள் மொழிகளில் அது அம்மாதான். முதல் வாரம் முழுக்க அந்தச் சொல் எனக்கு வாயில் நுழையவில்லை. இடுப்பில் துண்டு கட்டிய அறுபது வயதுப் பெண்ணை எப்படி மாமா என்பது? ஆனால் வணக்கம் சொல்லாமல் பானையைப் பார்த்தீர்களானால் அவர் உங்களைப் பார்க்க மாட்டார். முதலில் "சவுபோனா, மாமா". பிறகு நலம் விசாரிப்பு. பசி அதற்கப்புறம்.

கேள்வி: சோளமே அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தானே? சோளக்களியைப் "பாரம்பரியம்" என்பது சரியா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வது மக்காச்சோளம், ஆமாம், அது கடல் கடந்து வந்ததுதான். அதற்கு முந்தையது நம்மூரில் வெறும் சோளம் என்று சொல்கிறோமே, அந்தச் சிறுமணிச் சோளம். அங்கே அதை "மபேலே" என்பார்கள். அதை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கிண்டுவது "டிங்". ட்ஸ்வானா வீடுகளில் கல்யாணம், சாவு இரண்டுக்கும் அது வேண்டும். லேசான புளிப்பு, மண்நிறம். முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவது வாயில் தட்டைக் கீழே வைக்க மனமில்லை. அதே சோளத்தையும் மக்காச்சோளத்தையும் கலந்து காய்ச்சினால் "உம்கொம்போதி" என்கிற பீர். மதுவில்லாமல் வேண்டுமென்றால் "மஹேயு", புளித்த கூழ். கடைகளில் அட்டைப்பெட்டியிலேயே விற்கிறார்கள்.

ஆனால் "பழையது எது" என்று தோண்டப் போனால் தட்டில் பாதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். தக்காளி, கேரட், குடைமிளகாய், பீன்ஸ், மசாலாத்தூள் எல்லாம் போட்ட "சகலகா" தொடுகறி இந்த நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளில்தான் பிறந்தது என்பார்கள். "கோட்டா" இருக்கிறதே, கால் பங்கு ரொட்டியைக் குடைந்து உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாயும் சாசேஜும் அடைத்தது, அதன் பெயரே "குவார்ட்டர்" என்பதன் திரிபு. பாட்டிக்குத் தெரியாத சாப்பாடு. பேரனுக்கு அதுதான் ஊர்ச் சாப்பாடு. ந்தாதேயிடம் இதைக் கேட்டபோது, "என் அம்மா செய்தது எனக்குப் பாரம்பரியம். அவள் எங்கே கற்றாள் என்று நான் விசாரிக்கவில்லை" என்றார்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை. ரொட்டியும் பழமும்தான் கதியா? – வாசகி, கும்பகோணம்

பதில்: ரேங்க் பானைகளில் கவனம். கீரையில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், உம்ங்குஷோவில் எலும்பு போடுவதுண்டு, பயற்றில் இறைச்சிச் சத்துக்கட்டி கரைந்திருக்கும். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் "சரி, கோழி" என்று பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் கணக்கில் இறைச்சி என்றால் மாடு.

நீங்கள் போகவேண்டியது ஜெப்பி தெரு. இப்போது பெயர் ரஹீமா மூசா தெரு. 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியா அரசு மாளிகைக்குப் பெண்களை அணிவகுத்து நடத்திப் போன நால்வரில் ஒருவர் அவர். ஆனாலும் வண்டிக்காரர்களுக்கு அது ஜெப்பிதான். அங்கே ஒரு காலத்தில் டாக்டர்கள் வரிசையாக அறை வைத்திருந்த மெடிக்கல் ஆர்ட்ஸ் கட்டடத்தைச் சுற்றி எத்தியோப்பியர்கள் ஒரு குட்டி நாட்டையே அமைத்திருக்கிறார்கள். துணிக்கடைக்குள் துணிக்கடை, அதற்கு நடுவே ஒரு படிக்கட்டு, ஏறினால் பச்சைக் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு போங்கள், சாப்பாடு வந்துவிடும். (பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் படியிலேயே ஏறுங்கள். சொல்வது லிஃப்ட்காரன்.)

எத்தியோப்பிய மரபுவழிக் கிறித்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி மட்டும் இல்லை, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. நம் வீட்டு விரதத்தைவிடக் கெடுபிடி. அதனால் அந்த இரண்டு நாளும் அடுப்பில் சைவம் கட்டாயம் இருக்கும். "யெட்சோம்" என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்; விரதச் சாப்பாடு என்று பொருள். தட்டு அகலத்துக்கு ஓர் இஞ்சேரா வரும். டெஃப் என்கிற கடுகைவிடச் சின்ன தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து ஒரே பக்கம் சுட்டது. மேலெல்லாம் கண் கண்ணாகத் துளை. அதன்மேல் குவியல் குவியலாக மசூர்ப் பருப்பு, கடலைமாவில் செய்த "ஷிரோ", கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ். கரண்டி கேட்காதீர்கள். ஓரத்தைக் கிள்ளி அள்ள வேண்டும், வலது கையால். இதை உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பக்கத்திலிருப்பவர் ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் திகைக்க வேண்டாம். "குர்ஷா" என்று பெயர், பிரியத்தைக் காட்டுவது. எனக்கு முதன்முதலில் ஊட்டியவர் ஒரு துணி வியாபாரி. அன்று காலைதான் அவர் கடை மாடியின் லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டியிருந்தவரை நான் வெளியே எடுத்திருந்தேன்.

கேள்வி: ஹலால் சாப்பாடு? அதுவும் ஆப்பிரிக்கச் சமையலாக? – வாசகர், காயல்பட்டினம்

பதில்: மேஃபேர், எட்டாவது அவென்யூ. சோமாலியர் பகுதி, "குட்டி மொகதிஷு" என்றே அழைப்பார்கள். ஆட்டுக்கறியும் "பாரீஸ்" என்கிற மசாலாச் சோறும் கேளுங்கள். பிரான்ஸ் பாரீஸ் இல்லை. அவர்கள் மொழியில் சோற்றுக்கு அதுதான் பெயர். தட்டோடு ஒரு வாழைப்பழம் வரும். நான் சாப்பிட்டு முடித்தபின் உரிக்கலாம் என்று ஓரமாக வைத்தேன். எதிரே இருந்த பெரியவர் என் பழத்தை எடுத்துத் தானே உரித்து, துண்டுபோட்டு, சோற்றின்மேல் வைத்துவிட்டுப் பேசாமல் தன் தட்டுக்குத் திரும்பினார். காரச் சோறும் இனிப்புப் பழமும் ஒரே வாயில். இப்போது வீட்டில் நான் பிரியாணிக்குப் பழம் உரித்தால் மனைவி எழுந்து போய்விடுகிறாள். ஒட்டக இறைச்சியும் சில நாள் கிடைக்கும்.

கேள்வி: சொவேட்டோ சுற்றுலாவில் மதியச் சாப்பாடும் சேர்த்தே தருகிறார்கள். போகலாமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாக. சொவேட்டோ நகரை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பு, அதில் விலகாசி தெருவில்தான் உட்காரவைப்பார்கள். நோபல் பரிசு பெற்ற இரண்டு பேர், மண்டேலாவும் டெஸ்மண்ட் டூட்டுவும், வீடு வைத்திருந்த தெரு. அங்குள்ள சகும்சி போன்ற உணவகங்களில் எல்லாப் பானைகளும் ஒரே வரிசையில் இருக்கும், எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். புதிதாக வருபவருக்குச் சுவைபார்க்க நல்ல வழி. பேருந்துக் கூட்டத்துக்குச் சமைப்பதால் காரத்தையும் குடல் வாடையையும் கொஞ்சம் அடக்கியிருப்பார்கள் என்பது என் குறை. ஞாயிறு என்றால் "ஏழு நிறம்" கேளுங்கள். சோறு, கோழி, பீட்ரூட், பூசணி, கீரை, உருளை சாலட், சகலகா என்று தட்டே வானவில். சொவேட்டோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் சட்டம்.

கேள்வி: புழு சாப்பிடுவார்களாமே, நிஜமா? – மாணவர், நாகர்கோவில்

பதில்: நிஜம்தான். மொபானே மரத்து இலையைத் தின்னும் கம்பளிப்புழு. வளர்ந்தால் அழகான பெரிய அந்துப்பூச்சியாகியிருக்க வேண்டியது. லிம்போபோ மாகாணத்தில் வெண்டா மக்கள் வீட்டுச் சாப்பாடு. பிதுக்கி, உப்புநீரில் அவித்து, வெயிலில் காயவைத்து மூட்டையில் வரும். தக்காளி வெங்காயம் போட்டு வதக்குவார்கள். காய்ந்த இலையும் மண்ணும் கலந்த ருசி. எனக்கு இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. என் கையிலிருந்த மீதியை ந்தாதே வாங்கித் தின்றுவிட்டு, "இறால் தின்கிற ஆளுக்கு இதில் என்ன வெட்கம்" என்று கேட்டார். பதில் இல்லை.

கேள்வி: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சாப்பாடும் அங்கே உண்டா? என் நண்பர் காங்கோக்காரர், அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். – வாசகர், புதுச்சேரி

பதில்: யோவில் என்று சொல்லுங்கள், உங்கள் நண்பரின் முகம் மலரும். ராலே தெருவும் ராக்கி தெருவும் ஒரே சாலைதான், பாதியில் பெயர் மாறும். அங்குள்ள யோவில் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு இலை, உப்புக் கருவாடு, செம்பனை எண்ணெய், காய்வாழை எல்லாம் கிடைக்கும். மரவள்ளி இலையை இடித்துப் பனையெண்ணெயில் நெடுநேரம் வேகவிட்ட "பொண்டு"வும் உருட்டிய ஃபுஃபு என்கிற களியும் இருந்தால் காங்கோக்காரருக்கு ஊர் ஞாபகம் தீர்ந்துவிடும். கேமரூன்காரர்கள் "ந்டோலே" என்று ஒரு கசப்புக்கீரைக் கூட்டு செய்கிறார்கள், நிலக்கடலை அரைத்து விட்டு. கசப்பு பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம், எனக்கு அது மருந்து. நண்பரோடு போங்கள்; பிரெஞ்சோ லிங்காலாவோ பேசத் தெரிந்தவர் கூட இருந்தால் பரிமாறும் அளவே வேறு.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் ஆபத்தான ஊர் என்கிறார்களே. நீங்கள் பாட்டுக்கு டாக்ஸி ரேங்க், பழைய கட்டடம் என்று அனுப்புகிறீர்கள்! – வாசகி, திருச்சி

பதில்: கோபம் நியாயம். என்னிடமே ஒருமுறை செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். நடந்துகொண்டே வழி பார்த்தது என் தப்பு. நான் வேலை உடுப்பில், கையில் ஸ்பானர் பையோடு, ஊர்க்காரர் துணையோடு போனவன். நீங்கள் சாண்டன் ஹோட்டலிலிருந்து கேமராவும் சங்கிலியுமாகத் தனியாகப் போவது வேறு. நகர மத்தியை நடந்து காட்டும் உள்ளூர் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ஹோட்டலிலேயே கேட்டு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பகலில் மட்டும். செல்போன் உள்பையில். சில்லறை நோட்டு தனியாக. சாப்பாட்டு நடை என்று சொன்னால் அவர்களுக்கே உற்சாகம் வந்துவிடும்.

கூட்டமாக இருக்கிற இடம்தான் வேண்டுமென்றால் சனி, ஞாயிறில் க்வா மாய்மாய். நகரின் கிழக்கு ஓரம், மேம்பாலத்தடியில். மூலிகை விற்பவர்கள், ஜூலு உடை தைப்பவர்கள், பழைய டயரில் செருப்பு செய்பவர்கள் எல்லாம் இருக்கிற பழைய சந்தை. இப்போது இளசுகள் காரில் பாட்டு போட்டுக்கொண்டு இறைச்சிக்காக வருகிறார்கள். "சீசா ந்யாமா" என்றால் கறியைச் சுடு. பச்சை இறைச்சியைக் காட்டி, நூறு ராண்டுக்கோ இருநூறுக்கோ என்று சொன்னால் நெருப்பில் போட்டு, வெட்டி, மரப்பலகையில் குவித்துத் தருவார்கள். ஓரத்தில் பப், நறுக்கிய தக்காளி, பச்சைமிளகாய், உப்பு. கைகழுவத் தண்ணீர் ஊற்ற ஒரு பையன் வருவான். பலகை எல்லாருக்கும் பொது. உங்கள் பக்கம் இருப்பது உங்களுடையது.

கேள்வி: (சேலம் வாசகியின் இரண்டாவது கடிதம்) மாநாட்டில் ஒரே ஒரு மதியம்தான் ஓய்வாம். திங்கட்கிழமை. எதைச் சொல்வீர்கள்?

பதில்: திங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். வழிகாட்டியிடம் மெட்ரோ மால் ரேங்க் என்று சொல்லுங்கள், ஐம்பது ராண்ட் நோட்டுகளாக நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூடாரம் என்று கேட்காதீர்கள். எங்கே ஓட்டுநர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்களோ அங்கே. பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மொஹோடு தீர்ந்துவிடும். அப்புறம் கோழிக்காலும் கோழித்தலையும்தான் மிஞ்சும். அதற்கு அங்கே "வாக்கி டாக்கி" என்று பெயர்.